கடைசி வரி இல்லாத பாட்டு

அந்தப் பாட்டை அதுவரை கேட்டிருந்தவர்கள் மொத்தமே ஐந்து பேர். அப்படியிருக்க, காலை நேர பஸ்ஸில், முன் சீட்டில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆசாமியின் போனிலிருந்து அது கணீரென்று கிளம்பியபோது ஆராய்ச்சி என்கிற அந்தப் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார், இந்தப் பாட்டு உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"நெட்ல வந்திருக்கும்மா. திருட்டுப் பாட்டாம். இன்னும் வெளியவே வரலையாம். ஆனா கடைசியில கட் ஆயிடுது. அதுதான் வயித்தெரிச்சல். நீயும் கேளேன்!"

அவர் தாராள மனசோடு போனை நீட்டினார். அவள் அதற்குள் படிக்கட்டில் நின்றிருந்தாள். அடுத்த நிறுத்தத்தில் குதித்து இறங்கி, ஸ்டுடியோவைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

ஆராய்ச்சி என்பது ஸ்டுடியோக்காரர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். வணிகவியலில் முதுகலை, கடைசி வருடம். பாட்டைத் தொழிலாக நடத்துகிறவர்கள் எப்படித் தொடங்குகிறார்கள், எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. பெரிய கம்பெனிகள் எல்லாம் வாசலிலேயே நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டன. அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்த இந்தச் சின்ன ஸ்டுடியோ மட்டும்தான் "வா, உக்காரு, வேணுங்கறதைக் கேளு" என்றது. அவளும் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். கீபோர்டு வாசிக்கிறவர்தான் ஒருநாள் தாங்கமாட்டாமல், "ஆராய்ச்சி, கொஞ்சம் மூச்சு விட்டுக்கோம்மா" என்றார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத தொழில் நுணுக்கங்களை அவள் அங்கே அள்ளியிருந்தாள். கீபோர்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசிப்பார். சவுண்ட் இன்ஜினியர் பாட்டைச் சரிபார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், திரையைப் பார்த்தால் காது சோம்பேறியாகிவிடுமாம். மைக்கை ஆன் செய்வதற்கு முன்னால் யாராவது போய் டீ மூலையில் இருக்கும் பழைய ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு வர வேண்டும். அது ஓடினால் உறுமல் பதிவாகிவிடும். அணைத்தவர் தன் வண்டிச் சாவியை அந்த ஃப்ரிட்ஜுக்குள்ளேயே, முட்டைத் தட்டில் வைத்துவிடுவார். வீட்டுக்குப் போகச் சாவி தேடும்போது ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்துதானே ஆக வேண்டும்! முதல் நாள் ஜூஸ் எடுக்கப் போனவள் சில்லென்று ஒரு சாவியை எடுத்துவிட்டு விழித்ததை இன்ஜினியர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

இன்று யாரும் சிரிக்கிற நிலையில் இல்லை.

அவள் மூச்சிரைக்க மாடியேறியபோது ஹாலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். முதலாளியம்மா, அதாவது எல்லோருக்கும் அக்கா, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த போஸ்டரை வெறித்துக்கொண்டிருந்தார். பிறருடைய கம்பெனிகளுக்குக் காலமெல்லாம் பின்குரல் பாடிவிட்டு, முதல்முறையாகத் தன் குரலில், தன் கம்பெனியின் பெயரில் வெளியிடப்போகும் பாட்டு. மாலை ஆறு மணிக்கு வெளியீடு என்று போஸ்டர் கொட்டை எழுத்தில் சொன்னது.

"வாம்மா," என்றார் அக்கா. அந்த 'வாம்மா'வில் ஈரமே இல்லை.

"அக்கா, பாட்டு..."

"தெரியும். உன் ரெக்கார்டரை மேஜை மேல வை."

"என்னோடதா? எதுக்கு?"

அக்கா இன்ஜினியரைப் பார்த்தார். அவர் தர்மசங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். "ஆராய்ச்சி, வெளிய வந்திருக்கறது கம்ப்யூட்டர்லேர்ந்து காப்பி எடுத்தது இல்ல. ஸ்பீக்கர்ல பாட்டை ஓடவிட்டு, எதிர்ல மைக்கை வச்சுப் பிடிச்சிருக்காங்க. இந்த ஹாலோட எதிரொலி எனக்குத் தெரியாதா? இங்கதான் பிடிச்சிருக்கு."

"பாட்டு இருக்கற ஹார்ட் டிஸ்க் என்கிட்டயே இருக்கு," என்றார் அக்கா. "இந்த ஹால்ல பாட்டு ஓடினது நேத்து சாயங்காலம். அப்ப மேஜை மேல ஓடிக்கிட்டிருந்த ரெக்கார்டர் ஒண்ணே ஒண்ணு. உன்னோடது."

அவளுக்குக் காதெல்லாம் சூடானது. "நீங்கதானே வச்சுக்கச் சொன்னீங்க, அக்கா?"

"நம்பிச் சொன்னேன். உங்க துறைத்தலைவருக்குப் போன் பண்ணிட்டேன். கிளம்பி வந்துக்கிட்டிருக்கார். புகாரை அவர் கையிலயே குடுத்துடறேன்."

ஆய்வுக்காக உள்ளே விட்டவர்களின் பொருளைத் திருடினாள் என்று ஒரு புகார் போனால் ஆய்வேடு குப்பைக்குப் போகும். பட்டம் போகும். அதைவிட, இந்த மனிதர்களுக்கு முன்னால் திருடி என்று நிற்க வேண்டும். அதை நினைத்தபோதுதான் அழுகை முட்டியது. அழுதால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, கீபோர்டுக்காரர் டீ மூலையிலிருந்து ஒரு தட்டோடு வந்தார். "கறுப்பு டீதான். பால் திரிஞ்சு போச்சு. நம்ம நேரம், பாலுக்குக்கூடப் பொறுக்கல."

பின்னாலேயே அக்காவின் தம்பி வேர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தான். கம்பெனியில் பாதிப் பங்கு அவனுடையது. விளம்பரம் முழுக்க அவன் பொறுப்பு. "நிக்க இடமில்ல அந்த பஸ்ல! முந்தாநாள் விட்ட வண்டியை அந்த மெக்கானிக் இன்னும் கழட்டிப் போட்டு வச்சிருக்கான். அக்கா, விஷயம் கேள்விப்பட்டேன். யாரு, இவளா?"

"நான் இல்ல," என்றாள் ஆராய்ச்சி.

"திருடினவங்க யாரும்மா ஆமாம்னு சொல்லியிருக்காங்க?" என்றான் அவன்.

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ரோஷத்தோடு மூளையும் விழித்துக்கொண்டது. "அக்கா, தலைவர் வர்ற வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. நான் இத்தனை நாளா உங்களையெல்லாம் கேள்வி கேட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்டுக்கறேன்."

அக்கா அரைமனதாகத் தலையை ஆட்டினார்.

அவள் ரெக்கார்டரை இன்ஜினியரிடம் நீட்டினாள். "அண்ணா, நேத்து நான் பதிவு பண்ணது இதுல அப்படியே இருக்கு. இதையும் வெளிய வந்ததையும் மாத்தி மாத்திக் கேளுங்க. கண்ணை மூடிக்கிட்டு."

இன்ஜினியர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். ஒன்றைக் கேட்டார். மற்றதைக் கேட்டார். திரும்ப முதலாவதைப் போட்டார். மூடியிருந்த கண்ணிமைகளுக்கு மேல் புருவம் மெல்ல ஏறியது.

"அட! உன்னோடதுல ஒரு உறுமல் இருக்கு. நம்ம ஃப்ரிட்ஜ்! ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கர்ருனு ஓடுது."

"வெளிய வந்ததுல?"

"சுத்தமா இல்ல."

"எங்கிட்ட இருந்ததையே எடுத்து, உறுமலை மட்டும் நீக்கிட்டுப் போட்டிருக்கலாம்ல?" அவளே கேட்டாள். தம்பி கேட்கத்தான் வாயைத் திறந்திருந்தான், மூடிக்கொண்டான்.

"நீக்கலாம். ஆனா உறுமலை எடுத்தா பாட்டோட அடிக்குரல் நாதமும் சேர்ந்து போயிடும். இதுல அது முழுசா இருக்கு," என்று இன்ஜினியர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். அவர் முகத்தில் வெட்கமும் பரபரப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. "அக்கா, அவசரப்பட்டுட்டேன். இது ஆராய்ச்சியோட பதிவு இல்ல. வேற பதிவு."

"அதே இடம், வேற நேரம்," என்றாள் அவள். "நேத்து நாம எல்லாரும் சேர்ந்து கேட்டப்ப ஃப்ரிட்ஜ் ஓடிக்கிட்டுதான் இருந்துது. ரெக்கார்டிங் இல்ல, வெறுமனே கேக்கறதுதானேன்னு யாரும் அணைக்கல. அதோட கதவைக்கூடத் திறந்து போட்டுட்டு ஜூஸ் குடிச்சோம். அப்புறம் யாரோ ஃப்ரிட்ஜை அணைச்சுட்டு, மறுபடியும் பாட்டை ஓடவிட்டுப் பிடிச்சிருக்காங்க. சார், பால் திரிஞ்சு போச்சுன்னு சொன்னீங்கல்ல?"

கீபோர்டுக்காரர் தட்டைக் கீழே வைக்க மறந்து நின்றார். "ஆமா."

நால்வரும் அவள் பின்னால் டீ மூலைக்கு முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். ஃப்ரிட்ஜுக்குள் இருட்டு. கையை விட்டாள். வெளியே இருக்கும் அதே வெதுவெதுப்பு. முட்டைத் தட்டு காலி. தலையை உயர்த்திச் சுவரைப் பார்த்தாள். சுவிட்ச் அணைந்திருந்தது.

"பழைய ஃப்ரிட்ஜ், ரிப்பேர் ஆகியிருக்கும். மாத்தணும்னு எப்பலேர்ந்தோ சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றான் தம்பி.

அவள் சுவிட்சைப் போட்டாள். ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி, குறையொன்றும் இல்லாமல் உறுமத் தொடங்கியது.

ஆராய்ச்சியைப் பார்த்த அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "நேத்து கேட்டு முடிச்சதும் நீயும் நானும் போஸ்டர் பாக்க அச்சகத்துக்குப் போனோம். அந்த மெஷின் சத்தத்துல மேல என்ன ஓடினாலும் கேட்டிருக்காது. திரும்பி வந்து டிஸ்க்கை எடுத்துக்கிட்டுச் சேர்ந்துதான் கிளம்பினோம். நடுவுல நீ என் பக்கத்தை விட்டு நகரவே இல்ல." சற்று நிறுத்தினார். "அப்ப டிஸ்க் இங்க மாட்டினபடியேதான் இருந்துது."

"ஆமாக்கா. அந்த நேரத்துல மாடியில இருந்தவங்க மூணு பேர்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விசாரணை அங்கேயே, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், நின்றபடியே தொடங்கியது. அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தினால் அல்ல. தேடுகிற விடை இதோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற துடிப்பு.

"அண்ணா, நீங்க எங்க இருந்தீங்க?"

"மொட்டைமாடியில. பொண்ணோட போன்ல பேசிக்கிட்டிருந்தேன்," என்றார் இன்ஜினியர்.

"பாட்டுச் சத்தம் கேக்கலையா?"

"பக்கத்துல தண்ணி மோட்டார் ஓடுச்சு. பொண்ணு பேசினதே பாதி கேக்கல."

"சார், நீங்க?"

"பதிவு அறைக்குள்ள. கதவைச் சாத்திட்டு என் சாமானையெல்லாம் கட்டிக்கிட்டிருந்தேன். அந்தக் கதவு சாத்தினா வெளிய இடி விழுந்தாலும் உள்ள கேக்காதே!" என்றார் கீபோர்டுக்காரர்.

"நான் பின்படிக்கட்டுல," என்றான் தம்பி, அவள் கேட்பதற்கு முன்பே. "விளம்பர ஆளுங்ககிட்ட பேசிக்கிட்டிருந்தேன். வேணும்னா போனைப் பாரு."

ஆக, ஹாலில் யாருமே இல்லை. மூவர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் பாட்டு தானாக எழுந்து, தானே ஃப்ரிட்ஜை அணைத்து, தானே பாடிக்கொண்டது என்றுதான் ஆகிறது. இதில் யாரை நம்புவது? மூன்று பேரும் அவளிடம் பிரியமாக இருந்தவர்கள்தான். பொய் சொல்லும் வாயைப் பார்ப்பதைவிட, பழகிய கையைப் பார்க்கலாமே என்று திடீரென்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் சிரிப்பே வந்துவிட்டது.

"அண்ணா, ஒரு சோதனை. நேத்து பிடிச்ச மாதிரியே இப்ப ஒரு தடவை பிடிச்சுப் பாக்கணும். ஃப்ரிட்ஜை அணைச்சுட்டு வர்றீங்களா?"

இன்ஜினியர் சுவிட்சை அணைத்தார். அப்படியே பாக்கெட்டில் கையை விட்டார், பைக் சாவியை எடுத்தார், ஃப்ரிட்ஜைத் திறந்தார், முட்டைத் தட்டில் வைத்தார், மூடினார். திரும்பியபோது எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு திகைத்தார்.

"என்ன? என்ன பண்ணேன்?"

"ஒண்ணுமில்ல அண்ணா. சாவியை எடுத்துக்கோங்க." அவள் சுவிட்சைப் போட்டாள். "சார், இப்ப நீங்க."

கீபோர்டுக்காரருக்கு ஏதோ புரிகிற மாதிரியும் புரியாத மாதிரியும் இருந்தது. அணைத்தார். விஷயம் தெரிந்தும் கை கேட்கவில்லை. ஸ்கூட்டர் சாவி பாதி வழி போன பிறகுதான் "அட, ச்சே!" என்று நின்றார்.

"இப்ப நீங்க," என்றாள் தம்பியிடம், சுவிட்சை மறுபடி போட்டுவிட்டு.

"என்ன விளையாட்டு இது?"

"அணைடா," என்றார் அக்கா.

அவன் அணைத்தான். வலது கை பாக்கெட்டுக்குள் போனது. உள்ளே துழாவியது. வெறுங்கையாக வெளியே வந்தது. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.



"நேத்து இந்த சுவிட்சை அணைச்ச ஆளுக்கு நம்ம பழக்கமெல்லாம் தெரியும்," என்றாள் ஆராய்ச்சி. "வெளியாள்னா ஃப்ரிட்ஜை அணைக்கணும்னே தோணியிருக்காது. அணைச்சவர் திரும்பப் போட மறந்துட்டார். ஏன் மறந்தார்? இன்ஜினியர் அண்ணாவோ சாரோ அணைச்சிருந்தா கை தன்னால சாவியை உள்ள வச்சிருக்கும். வீட்டுக்குப் போகச் சாவி எடுக்க வந்தப்ப ஃப்ரிட்ஜையும் போட்டிருப்பாங்க. நேத்து ரெண்டு பேரும் வண்டியிலதான் போனாங்க, நானே பார்த்தேன். சாவி இல்லாத ஒருத்தருக்குத்தான் ஞாபகப்படுத்த எதுவும் இல்ல. பாட்டு கடைசி வரி வர்றதுக்குள்ள கட் ஆகுதே, அது நாங்க படியேறி வர்ற சத்தம் கேட்டு நிறுத்தினது. அவசர அவசரமா நகர்ந்தவருக்கு ஃப்ரிட்ஜ் எங்க ஞாபகம் இருக்கும்? அவர் பஸ்ல போயிட்டார்."

"இது ஒரு அத்தாட்சியா?" தம்பியின் குரல் கிரீச்சிட்டது. "சாவி இல்லன்னா திருடனா?"

"இல்ல. அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

அக்கா கையை நீட்டினார். "மீதி உன் போன்ல இருக்கும். குடு."

சற்று முன்னால்தான் வேணும்னா பாரு என்றவன், இப்போது போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அதற்கு மேல் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

"உனக்காகத்தான்கா பண்ணேன்!" வெடித்துவிட்டான். "நாம போடற பாட்டை யாரு தேடி வந்து கேக்கப்போறாங்க? நம்மளை யாருக்குத் தெரியும்? நல்ல பாட்டு மட்டும் போதாது, ஊரே பேசணும். திருட்டுப் பாட்டுன்னு சொன்னா விழுந்தடிச்சுக்கிட்டு வருவாங்கன்னு நினைச்சேன். வந்துட்டாங்க! பஸ் முழுக்க இதான் பேச்சு. கடைசி வரி என்ன, கடைசி வரி என்னன்னு அடிச்சுக்கிறாங்க!"

"இவ மேல பழி விழுந்தப்ப?"

"அது... நான் போடல. தானா விழுந்துது. ரெண்டு நாள் கழிச்சு சொல்லிடலாம்னு..."

"ரெண்டு நாள்ல இந்தப் பொண்ணோட படிப்பு போயிருக்கும்டா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா அவனையே பார்த்தபடி நின்றார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவளின் வலியும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் நின்று பார்க்க ஆராய்ச்சிக்குக் கஷ்டமாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று குதிக்க வேண்டிய மனசு, பாவி, இப்படியா பண்ணுவான் என்று அடித்துக்கொண்டது.

"தம்பியா உன்னை மன்னிச்சிருவேன்," என்றார் அக்கா கடைசியில். "மன்னிச்சாச்சு. ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடு. ஆனா பார்ட்னரா உன்னை மன்னிக்க முடியல. நாளையிலேர்ந்து இந்த மாடி ஏறாதே."

அவன் திரும்பிப் படியிறங்கினான். அவன் இறங்கும் சத்தம் ஓய்வதற்குள் அக்கா புடவைத் தலைப்பால் முகத்தை ஒரு துடை துடைத்துக்கொண்டு ஹாலுக்குள் பாய்ந்தார்.

"என்ன எல்லாரும் நின்னுக்கிட்டு? ஊரே கடைசி வரிக்காகக் காத்துக்கிட்டிருக்கு, சாயங்காலம் வரைக்கும் காக்க வைக்கலாமா? டிஸ்க் என் பையில இருக்கு. மாட்டுங்க!"

அதற்குப் பிறகு அந்த மாடி தலைகீழானது. இன்ஜினியர் டிஸ்க்கை மாட்டினார். கீபோர்டுக்காரர் செருப்பில்லாத காலோடு கீழே ஓடி, போஸ்டரில் நேரத்தை மாற்ற அச்சகத்துக்காரரை உலுக்கினார். ஆராய்ச்சி, தான் ஆராய வந்தவள் என்பதையே மறந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் செய்தி தட்டிக்கொண்டிருந்தாள். அக்கா பொத்தானை அழுத்தினார். முழுப் பாட்டு, அவருடைய குரல், அவருடைய கம்பெனி. கேட்கிறவர்களின் எண்ணிக்கை திரையில் ஏற ஏற, இன்ஜினியர் கண்ணை மூடவே மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே, தெருவில் யாரோ ஒருவர் அந்தக் கடைசி வரியைப் பாட முயன்று, சுருதி தப்பி, மறுபடி முயன்றார்.

அப்போதுதான் துறைத்தலைவர் வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். "திருடினது யாரு? எங்க புகார்?"

"எங்க வீட்டு ஆள், சார். உங்க பொண்ணுதான் கண்டுபிடிச்சா. உக்காருங்க, பால் இல்லாத டீதான் இருக்கு," என்றார் அக்கா. பிறகு ஆராய்ச்சியைத் தனியே ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போனார். "உன் ஆய்வுல இதை எழுதப்போறியா?"

அவள் தயங்கினாள். அவளுடைய ஆய்வில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வேறு எதுவும் இல்லை. "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம்க்கா. தம்பியைப் பத்தி எழுத எனக்கும் மனசு வரல."

"அவனைப் பத்தி எழுதாதே. என்னைப் பத்தி எழுது." அக்காவின் கண் கலங்கியிருந்தது. "நாலு பேர் மேல சந்தேகப்பட வழி இருந்தும், நேரா வெளியாள் மேலதான் கை நீட்டினேன். ஒரு கேள்விகூடக் கேக்கல. வீட்டு ஆளுங்களை வச்சுத் தொழில் பண்ற ஒவ்வொருத்தியும் அதைப் படிக்கட்டும். என்னை மன்னிச்சுடும்மா."

ஆராய்ச்சிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போது வந்தது. அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். எழுதுகிறேன் என்று அவளால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.